பானெட் விளக்கும் எண்பத்தேழு புள்ளி ஆறும்

சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மலர்க் குழு கேட்க ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் கண் சரியில்லை, சர்க்கரை என்று சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். கடையை மூடியதற்கும் ஊரெல்லாம் இதே காரணத்தைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். எனக்குச் சர்க்கரை கிடையாது. கண்ணாடி போட்டால் ஃப்யூஸ் பெட்டி மூடியில் இருக்கும் பொடி எழுத்து இப்போதும் தெரிகிறது. கையும் நடுங்கவில்லை.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் வயரிங் சொல்லித்தரத் தேவையில்லை. எந்த வண்டிக்கு எந்தக் கலர் வயர் எங்கே போகிறது என்று போனில் தட்டினால் படத்தோடு வருகிறது. நான் நாற்பது வருஷம் அடிபட்டுத் தெரிந்துகொண்டதை நீங்கள் டீ குடிக்கிற நேரத்தில் தெரிந்துகொள்கிறீர்கள். பொறாமையாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன். நான் எழுதப்போவது ஒரே ஒரு வண்டியைப் பற்றி. அதில் நான் செய்த வேலையில் ஒரு குறையும் கிடையாது. இன்றைக்கும் அந்த வேலை அப்படியே நிற்கிறது. ஆனால் அதற்கப்புறம் எனக்கு ஸ்பேனரைத் தொடவே பிடிக்காமல் போய்விட்டது.

அதற்கு முன்னால் செங்கல்பட்டில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரியைப் பற்றி நாலு வரி சொல்ல வேண்டும். அவருக்கு இடது மணிக்கட்டைச் சுற்றி வளையல் போட்ட மாதிரி ஒரு தழும்பு உண்டு. வாலிபத்தில் ஸ்டீல் பட்டை வாட்ச் கட்டிக்கொண்டு ஒரு லாரியில் கை விட்டிருக்கிறார். பட்டையின் ஒரு பக்கம் பேட்டரியின் பிளஸ்ஸிலும் மறு பக்கம் பாடியிலும் பட்டுவிட்டது. பட்டை பழுத்துச் சிவந்து சதையோடு ஒட்டிக்கொண்டதாம். அதனால் எங்களுக்கு அவர் சொன்ன பாடம் ஒன்றே ஒன்றுதான்.

"மொதல்ல மைனஸ் கய்ட்டு. அப்புறம்தான் மத்ததெல்லாம். உங்கப்பனே வந்து அவசரம்னாலும் மொதல்ல மைனஸ்."

ஒரு நாள் ஹாரன் வயர் மாற்றுகிற சின்ன வேலைதானே என்று மைனஸைக் கழற்றாமல் கை வைத்தேன். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் முழங்கை முட்டியில் ஒரு போடு போட்டார். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம். பானெட் முழுசாகத் தூக்கி முடிவதற்குள் என் கை பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துவிடும். யோசிக்க வேண்டியதே இல்லை. நாற்பது வருஷத்தில் ஒரு வண்டிகூட என் கையில் புகைந்தது கிடையாது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான் நான்.

இனி அந்த வண்டி.

உத்திரமேரூர் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அங்கே நிலம் நீச்சோடு இருக்கிற ஒரு குடும்பம். பெரியவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய டிராக்டருக்கும் அறுப்பு மிஷினுக்கும் வருஷக்கணக்காக என் கடைதான். அவருக்கு ஒரே பையன், தினேஷ். சென்னையில் வேலை. அவன் பழைய மாடல் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினான். கருநீலம், இரண்டே கதவு, தரையோடு தரையாகக் கிடக்கும். நம் ஊர் வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடிவயிற்றில் இடி வாங்கும். "இது வண்டியா, ஆமையா?" என்று நான்கூட அவனைக் கிண்டல் செய்திருக்கிறேன். சிரிப்பான். நல்ல உயரம், அந்தக் காருக்குள் அவன் மடங்கி உட்காருவதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை.

பொங்கலுக்கு அந்தக் காரில் ஊருக்கு வந்தான். நெல் மூட்டை அடுக்கும் ஷெட்டில் ஒரு ஓரமாக நிறுத்தினான். காணும் பொங்கலன்று சிநேகிதர்களோடு திருமுக்கூடல் ஆற்றுக்குப் போனான். மணலில் கார் மாட்டிக்கொள்ளும் என்று பைக்கில் போனார்கள். ஆற்றில் மணல் தோண்டிய பள்ளம், அந்த வருஷம் தண்ணீர் நின்றிருந்தது. நாலு பேர் இறங்கினார்கள், மூன்று பேர் ஏறினார்கள்.

சாவுக்குப் போனேன், வந்தேன். பிறகு என் வேலையில் அதை மறந்தும் போனேன்.

பத்து மாதம் கழித்து, கார்த்திகையில் ஒரு காலை நேரம் அண்ணன் கடைக்கு வந்தார். டிவிஎஸ்ஸை ஸ்டாண்டு போடாமலே பிடித்துக்கொண்டு நின்றார்.

"மேஸ்திரி, அந்த வண்டி ஸ்டார்ட் ஆவல. உடனே வா."

"பேட்டரி எறங்கிருக்கும்ணா. சாயங்காலம் வரேனே."

"சாயங்காலம் வேணாம். பேட்டரி பூரா செத்துட்டா நம்பரு போயிடுமாமே. இப்பவே வா."

"இன்னா நம்பரு?"

அவர் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். தினேஷ் சென்னையில் கிளம்பும்போது ட்ரிப் மீட்டரை சைபர் ஆக்கிவிட்டுத்தான் கிளம்புவான். ஷெட்டில் வண்டியை நிறுத்தியதும் அம்மாவைக் கூப்பிட்டு இன்றைக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்வான். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. ஒரு நாள் எண்பத்தாறு சொச்சம் வரும், சுற்றி வந்தால் தொண்ணூறு வரும். கடைசியாக வந்தபோது எண்பத்தேழு புள்ளி ஆறு. அந்த அம்மா, "எம்பத்தேயா?" என்று கேட்டிருக்கிறார். "எம்பத்தேயு இல்லம்மா, எண்பத்தேழு" என்று பையன் நாக்கை மடித்துக் காட்டிக் கிண்டல் செய்திருக்கிறான். அந்த எண் இன்னும் மீட்டரில் நிற்கிறது. தினமும் காலையில் அண்ணன் சாவி போடுவார், அந்த அம்மா வந்து பார்ப்பார், இன்ஜினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்துவிடுவார்கள். வண்டியை ஒரு அடிகூட நகர்த்துவது கிடையாது. நகர்த்தினால் எண் கூடிவிடும்.

இதைக் கேட்டதும் எனக்கு அவசரம் புரிந்தது. இந்தப் பழைய மாடல்களில் மொத்தக் கிலோமீட்டர் அழியாது, ஆனால் பேட்டரியில் கரண்ட் போனால் ட்ரிப் சைபராகிவிடும். உங்களுக்கும் தெரியும்.

ஷெட்டில் அந்த அம்மா முன்னாலேயே வந்து நின்றிருந்தார். அண்ணன் கதவைத் திறந்து, வெளியில் நின்றபடியே உள்ளே குனிந்து சாவியைத் திருப்பினார். உட்கார்ந்து போட்டால் என்ன, முட்டி வலியோ என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். மீட்டர் மங்கலாக எரிந்தது. 87.6, கண்ணைச் சுருக்கினால்தான் தெரிகிறது. என் வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்தேன், பேட்டரியில் ஒன்பது வோல்ட்டுக்கும் கீழே. இன்னொரு தடவை ஸ்டார்ட்டர் அடித்திருந்தால் அத்தோடு போயிருக்கும்.

"சாவி அப்டியே இருக்கட்டும், இனிமே அது மேல கை வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தேன். நான் கொண்டுபோயிருந்த நல்ல பேட்டரியைத் தரையில் வைத்து ஜம்பர் வயரில் வண்டியோடு சேர்த்தேன். அது கரண்டைத் தாங்கிக்கொண்டிருக்க, பழைய பேட்டரியைக் கழற்றிப் புதியதை வைத்தேன். கேட்பதற்கு லேசாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே ஒரு கிளிப் நழுவினால் போதும். நாற்பது வருஷம் வேலை செய்தவன், ஒரு போல்ட்டை முடுக்க மூன்று தடவை மூச்சை அடக்கினேன். அந்த அம்மா கார் ஜன்னலில் முகத்தை வைத்து மீட்டரையே பார்த்துக்கொண்டு, "கீது... கீது... இன்னும் கீது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசி போல்ட்டை முடுக்கி ஜம்பரை எடுத்த பிறகும் "கீது" என்றார். நான் ஒரு நெல் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்க இருக்கறப்ப எங்களுக்கு பயமில்ல மேஸ்திரி" என்றார் அந்த அம்மா. அந்த வார்த்தை இன்றைக்கும் என்னைத் தூங்கவிடுவதில்லை.

பேட்டரி ஏன் இறங்கியது என்று பார்த்தேன். காரணம் தலைக்கு மேலேயே இருந்தது. அந்தக் காரில் பானெட்டுக்கு அடியில் இரண்டு சின்ன விளக்கு. பானெட்டைத் தூக்கினால் எரியும், மூடினால் அணையும். நம் ஊர் வண்டிகளில் இது கிடையாது.

"பானெட்ட தொறந்தே வெச்சிருந்தீங்களாண்ணா?"

"நாலு நாளா தொறந்துதான் கீது. நெல்லு மூட்ட வந்து எறங்கனதுலேர்ந்து எலி பேஜாரு. இன்ஜின் மேல கூடு கட்டிக்கினு, ஒரு வயர வேற கடிச்சி வெச்சிக்கிது. புகையில கட்டனேன், பாச்சா உருண்ட போட்டேன், போவல. பானெட்ட தூக்கி வெச்சா எலி அண்டாதுன்னு எல்லாரும் பண்றதுதானே. அந்த லைட்டு எரியறதப் பாத்து, பரவால்ல, வெளிச்சத்துக்கு சுத்தமா வராதுன்னு சந்தோசமா இருந்தேன்."

எலியிடமிருந்து மகனுடைய வண்டியைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு நாலு நாளாக அதன் உயிரை எரித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நெல் இருக்கிற இடத்தில் பானெட்டைத் திறந்து வைப்பது நம் பக்கத்தில் எல்லோரும் செய்கிற காரியம். ஐந்து வாட்ஸ் பல்பு இரண்டு சேர்ந்து இரவு பகலாக எரிந்தால் ஒரு பேட்டரி தாங்காது என்று அவருக்கு யார் சொல்வார்கள்?

"பல்ப ரெண்டையும் புடுங்கிடறேன், முடிஞ்சிது" என்றேன்.

அந்த அம்மா என் கையைப் பார்த்தார். "அவன் வண்டிலேர்ந்து எத்தயும் எடுக்காதீங்க மேஸ்திரி. ஒரு திருகாணி கூட வேணாம்."

ஃப்யூஸைப் பிடுங்கலாம் என்றால் மீட்டரின் ஞாபகத்துக்கும் அதே ஃப்யூஸ்தான். ஆக, விளக்குக்குப் போகிற வயரில் ஒரு சின்ன ஸ்விட்ச் வைப்பது என்று முடிவு செய்தேன். பானெட் திறந்தே இருக்கும், விளக்கு எரியாது, பல்பும் இருந்த இடத்தில் இருக்கும். எலிக்கு வீட்டுக் கரண்டில் ஒரு எல்இடி பல்பைத் தொங்கவிட்டால் போதும். வியாழக்கிழமை சாமான் வாங்கிக்கொண்டு வருகிறேன், அதுவரை பானெட்டை மூடியே வையுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வெளியே வரும்போது எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வந்திருந்தது. அந்த மரியாதையை நம்பாதீர்கள். அது வந்த மறுநாள்தான் நாம் கவிழ்வோம்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். அந்த அம்மா தங்கையோடு காஞ்சிபுரத்துக்குக் கண் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தார். நாலு மணி பஸ்ஸில்தான் திரும்புவார். அண்ணன் மட்டும் இருந்தார். பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருந்தார். வருஷ தெவசம் வருகிறது, எந்தப் போட்டோவைப் பெரிதாகப் போடுவது என்று தெரியவில்லை, எல்லாவற்றிலும் பையன் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான் என்று போனை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் போட்டோவைப் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன், பதில் சொன்னேன். என் கை அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

விளக்கின் வயரை வெட்டினேன், ஸ்விட்ச் வைத்தேன், சுத்தமாக டேப் சுற்றினேன். எலி பல் படாத மாதிரி குழாய் போட்டேன். அழகான வேலை. கடைசியாகக் குனிந்து பேட்டரியின் மைனஸ் டெர்மினலை மாட்டி முடுக்க ஆரம்பித்தேன்.

பாதி முடுக்கும்போதுதான் ஸ்பேனர் நின்றது. மாட்டுகிறேன் என்றால், யார் கழற்றியது?

எப்போது கழற்றினேன் என்று சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை. இப்போதும் இல்லை. முதல் நாள் பேட்டரிதான் என் வேலை, அதனால் பேட்டரி மேல் கண் இருந்தது. அன்றைக்கு என் வேலை விளக்கு. பேட்டரியை நான் பார்க்கவே இல்லை, கை பார்த்துக்கொண்டது. அந்த வேலைக்கு மைனஸைத் தொடவே வேண்டியதில்லை. விளக்கின் சாக்கெட்டைப் பிரித்தாலே போதும், அது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

அண்ணன் வழக்கம்போல வெளியே நின்று குனிந்து சாவியைத் திருப்பினார். 0.0 என்று பளிச்சென்று எரிந்தது. பேட்டரி புதுசு இல்லையா.

அவர் என்னைத் திட்டவில்லை. "சைபரா?" என்றார். அப்புறம், "கண்ணாடி போடல, நீ பாரு" என்றார். நான் பார்க்கிற மாதிரி பார்த்தேன். பிறகு அவர் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு, "அவ நாலு மணி பஸ்ஸுக்கு வந்துடுவா" என்றார். கையில் இருந்த போனில் பையனுடைய போட்டோ அணைந்து போனது.

அந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். அங்கேயே உட்கார்ந்து, நாலு மணிக்கு அந்த அம்மா வந்ததும், நான்தான் அழித்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். திட்டியிருப்பார், மண்ணை வாரித் தூற்றியிருப்பார். வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். அதற்கு எனக்கு தைரியம் இல்லை. நீங்க இருக்கறப்ப பயமில்ல என்று சொன்ன வாய் என்னை வேறு மாதிரிப் பேசுவதைக் கேட்க முடியாது என்று தோன்றியது. வெட்கக்கேடு, ஆனால் அதுதான் உண்மை.

"ஓட்டிடலாம்ணா" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை.

"சைபர்லேர்ந்து ஓட்டனா நம்பரு ஏறும். எண்பத்தேழு புள்ளி ஆறு வந்ததும் கொண்டாந்து நிறுத்திடலாம். மணி பதினொண்ணுதான் ஆவுது."

அவர் என்னையே பார்த்தார். வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லாமல் விட்டுவிடுவாரோ என்றும் பயந்தேன். எழுந்துபோய்ப் பெரிய கதவைத் திறந்தார். மைனஸைக் கழற்றியது என் கை. அந்த வண்டியை ஓட்டியது நான். இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள்.

டயரில் காற்று குறைந்திருந்தது, பம்ப் வைத்து அடித்தேன். அவர் கதவுக்கு வெளியே ஆள் நடமாட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போது உள்ளே ஏறி, சீட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஸ்டார்ட் செய்தேன். காஞ்சிபுரம் ரோட்டில் போனால் பஸ்ஸில் அந்த அம்மா பார்த்துவிடுவார் என்று மதுராந்தகம் பக்கம் திருப்பினேன். பத்து மாதம் நின்ற வண்டி முதலில் டக் டக் என்று அடித்தது, பிறகு சரியாகிவிட்டது. பைக்கில் வந்த பசங்கள் பக்கத்தில் வந்து போனில் படம் பிடித்தார்கள். அண்ணன் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டார். திருட்டு வண்டியில் போகிற மாதிரி இருந்தது. திருட்டுதானே அது.

ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் சின்னப் பிள்ளைகள் காரைப் பார்த்துக் கையாட்டினார்கள். அண்ணன் துண்டை எடுத்துவிட்டு அவரும் கையாட்டினார். அப்புறம்தான் பேசினார்.

"ஒரு நாளு கூட இதுல ஏறனதில்ல மேஸ்திரி. நைனா, வா ஒரு ரவுண்டு போலாம்னு கூப்ட்டுக்கினே இருந்தான். இடுப்பு வலிக்கும் போடான்னுட்டேன். நல்லாதான் கீது. இடுப்பு ஒண்ணும் வலிக்கல."

நான் மீட்டரைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதார். அதற்குக் காரை நிறுத்தினால் நேரம் போய்விடும் என்று நிறுத்தவில்லை. பாருங்கள், என் மனசு எந்த லட்சணத்தில் வேலை செய்தது என்று.

திரும்பி வரும்போது ஊர் எல்லையில் இன்னும் ஆறேழு கிலோமீட்டர் மீதி இருந்தது. ஏரிக்கரை ரோட்டில் போவதும் வருவதுமாகக் கழித்தேன். ஷெட் வாசலில் எண்பத்தேழு புள்ளி ஐந்து. உள்ளே ஏற்றும்போது ஆறு விழுந்தது. பழைய டயர் தடத்தின் மேலேயே நிறுத்தி, சக்கரத்தைத் துடைத்து, பானெட்டைத் தூக்கி வைத்து, ஸ்விட்ச்சைத் தட்டிப் பார்த்தேன். விளக்கு அணைந்தது. மணி இரண்டரை. அண்ணன் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் போன் செய்தார். "பாத்தா. எம்பத்தேயு புள்ளி ஆறு, சரியா கீதுன்னா" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. நான் நிம்மதியாக நாஷ்டா சாப்பிட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன், மறைக்கவில்லை.

உங்களுக்குப் பாடம் என்று ஏதாவது சொல்ல வேண்டுமாம், மலர்க் குழு கேட்டிருக்கிறது. சொல்கிறேன். வண்டியைத் தொடுவதற்கு முன்னால், இதில் எது போகக் கூடாது என்று கேளுங்கள். ஒருவரிடம் கேட்டால் போதாது. வீட்டில் இருக்கிற எல்லோரிடமும் கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று இருக்கும். கைப்பழக்கம் நல்லதுதான், என் மேஸ்திரி சொன்னதில் பிழை கிடையாது. ஆனால் கை வேலை செய்யும்போது கண்ணை அங்கேயே வையுங்கள். இதெல்லாம் செய்தாலும் ஒரு நாள் விழுவீர்கள். அன்றைக்கு எண்ணைத் திருப்பி வைக்கப் போகாதீர்கள். திருப்பி வைக்கப் போகிற அவசரத்தில், நமக்குத் தெரியவே தெரியாத ஒன்றைக் கெடுத்துவிட்டு வருவோம்.

ஒரு வாரம் போயிருக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த அம்மா கடைக்கு வந்தார். தனியாக, பஸ்ஸில். என் கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"வண்டிய ஓட்டனீங்களாமே. அவரு சொல்லிட்டாரு."

நான் எழுந்து நின்றேன். "தப்பு என்னுதுதாம்மா. அண்ணன் மேல ஒண்ணும் இல்ல. நான்தான் மைனஸ்..."

"அத்த உடுங்க மேஸ்திரி. நம்பரு போனா போவுது. நம்பரு எனக்கு மனப்பாடம்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "காத்தால நம்பரப் பாக்கப் போறப்ப நான் சீட்டதான் பாத்துக்கினு இருந்தேன். இவுருக்குக் கூட அது தெரியாது. அவன் உக்காந்து எயுந்த சீட்டு. கால நீட்டி உக்காருவான், பின்னாடி தள்ளிப் போட்டு வெச்சிருப்பான். யாரையும் உக்கார உடல. இவுரு கூட வெளியில நின்னுதான் சாவி போடுவாரு, நான்தான் அப்டி சொல்லி வெச்சேன். அன்னிக்கி வந்து பாத்தா சீட்டு முன்னாடி கீது."

ஓட்டுவதற்கு முன்னால் சீட்டை இழுத்துப் போட்டது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"தள்ளிப் பாத்தோம். ஒரேடியா கடேசில இல்ல, அது எனக்குத் தெரியும். ஆனா சீட்டுக்கு அடியில கீற கம்பியில எந்தப் பல்லுன்னு தெர்ல. ஒண்ணு தள்ளனா கிட்டக்க கீற மாதிரி கீது, இன்னொண்ணு தள்ளனா தூரம் போயிட்ட மாதிரி கீது. நீங்க எத்தினி பல்லு முன்னாடி இஸ்தீங்கன்னு சொன்னா, அத்தினி பல்லு பின்னாடி தள்ளிட்டுப் போயிடறேன். அதுக்குதான் வந்தேன், திட்டறதுக்கு வரல."

கண்ணை மூடி யோசித்தேன். கதவைத் திறந்தது ஞாபகம் இருக்கிறது. கால் கிளட்ச்சுக்கு எட்டாதது ஞாபகம் இருக்கிறது. கை சீட்டுக்கு அடியில் போனது, கட கட என்று ஒரு சத்தம். மூன்றா, நாலா, ஐந்தா? வலது கையை ஸ்டூலுக்கு அடியில் விட்டு இழுத்துக்கூடப் பார்த்தேன், கைக்காவது தெரியுமா என்று. நாலு என்று சொல்லிவிடலாம். சொன்னால் நம்புவார், போய்த் தள்ளி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"நான் எண்ணலம்மா" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார்.

"எம்பத்தேயு கிலோமீட்டர எண்ணி எண்ணி ஓட்டனீங்க. நாலஞ்சி பல்லு எண்ணலயா மேஸ்திரி?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் இன்னும் யோசித்துச் சொல்வேன் என்று நினைத்தாரோ என்னவோ, எதிரில் அவருடைய பஸ் வந்து ஹாரன் அடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றார்.